நான் கோடு போட்ட இடம்

மகன்,

நேற்றுக் காலை பத்தரை மணிக்குக் கொம்பனி மனேஜர் கொழும்பிலிருந்து வந்து, அச்சு மெசினில் இருந்த உன் முகத்தையும் பெயரையும் அழித்துவிட்டுப் போனார். பின்னேரம் நீ கட்டைபறிச்சானில் இருந்து திரும்பி வந்து வழக்கம்போல் கமராவுக்கு முன்னால் நின்றபோது, பதிவில் இல்லாத ஆள் என்று அது சிவப்பில் எழுதிக் காட்டியது அதனால்தான். மெசினில் பழுதில்லை. நீ துணியால் கமராவைத் துடைத்தாய், லைட்டைக் கூட்டிப் பார்த்தாய், வயரைக் கழற்றித் திரும்பக் கொழுவினாய். நான் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பன்னிரண்டு நாளாய் நீ என்னோடு கதைப்பதில்லை. நானும் வாயைத் திறந்தால் முதலில் வருவது பொய்யாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் கடையில் இருந்த வாய் அது. எழுதினால் திருப்பி வாசித்துப் பார்த்துப் பொய்யை வெட்டலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ இந்த மாதக் கடைசிக்குள் சிங்கப்பூருக்குப் போகலாம். அந்தக் கப்பல் திருத்தும் பட்டறைக்கு இன்றைக்கே பதில் அனுப்பு. நீ போனால் வீட்டு உறுதிப் பத்திரம் போய்விடும், கடை பூட்டப்படும் என்று நான் சொன்னதெல்லாம் நேற்றோடு முடிந்தது. இதை வேறு யாரும் எடுத்து வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு எங்கேயாவது ஒரு கடைக்காரன் இப்படி ஒரு மெசினை எடுப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவனுக்கும் உதவட்டும்.

அந்த மெசின் ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நான் எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. இறக்குமதி எல்லாம் நின்றுபோன அந்தக் காலத்தில் எங்கள் கடை வாசலில் நின்ற சனத்தை நினைத்துப் பார். உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடை மூன்று இருந்தும் மூன்றிலும் ராக்கைகள் வெறுமை. தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சில்லு ஒன்று கிழிந்தால் ஒரு படகு கரையில் கிடக்கும். ஒரு படகு கிடந்தால் நாலு வீட்டில் அடுப்பு கிடக்கும். இறக்கக்கண்டி நசீர் நானா செருப்பை வெட்டிச் சில்லு செய்து போட்டுக்கொண்டு போய், நடுக்கடலில் எஞ்சின் சூடேறி, மற்றப் படகுக்காரர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அப்போது நீ கொழும்பில் வேலை செய்த பட்டறையில் இருந்து லீவில் வந்திருந்தாய். நான் பழைய மாதிரிகளைப் போட்டு வைத்திருந்த அலுமாரியைத் திறந்து, உடைந்த சில்லு ஒன்றை எடுத்து அளவெடுத்துக்கொண்டு போனாய். அடுத்த கிழமை பஸ்ஸில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பட்டறையின் அச்சு மெசினில் நீ அடித்த கறுப்புச் சில்லு. நசீர் நானா அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஓடிவிட்டு வந்து, "அக்கா, இது ஜப்பான்காரன்ட சில்லை விட நல்லாக் கிடக்கே, எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார். எனக்கு அன்றைக்கே கணக்கு விளங்கிவிட்டது. ராக்கையில் சாமான் வைத்திருக்கத் தேவையில்லை. சாமானின் படத்தை வைத்திருந்தால் போதும். கேட்கிறவன் வந்து நிற்க, மெசினில் நைலோன் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் போட்டு எடுத்துக் கொடுக்கலாம். அப்படி ஒரு வியாபாரம் இந்தத் துறைமுகத்தில் யாரும் செய்ததில்லை.

உன்னைக் கொழும்பில் இருந்து வரச் சொன்னது நான். நீ ஒரு வருஷம் என்றுதான் வந்தாய். "மெசினை ஓட வச்சு, ஆரையாவது பழக்கி விட்டுட்டு நான் போறன் அம்மா" என்றாய். நான் ஓம் என்றேன். அந்த ஓம் பொய்.

இனி ஒப்பந்தம் எழுதிய நாளைச் சொல்கிறேன். நீ அன்றைக்கு மெசின் வைக்கிற அறைக்கு ஏசி பூட்டுகிற ஆட்களோடு நின்றாய். மனேஜர் கடைக்குள் மேசையில் இருந்து தாள்களை ஒவ்வொன்றாக எனக்கு விளங்கப்படுத்தினார். நல்ல பொறுமையான மனுசன், தமிழும் பழகியிருந்தார். மெசின் கொம்பனியினுடையது, வாடகை எங்களுடையது. நாலு வருஷம். மெசின் எப்போதும் கொழும்போடு தொடர்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து அனுப்பும், சூடு, ஈரம், அதிர்வு எல்லாம் அங்கே ஒரு திரையில் ஓடும். நீ கீறுகிற வரைபடங்கள் அவர்களுடைய கணினியில் இருக்கும், ஆனால் நாலு வருஷத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பழகாத ஆள் தொட்டால் பழுதாகும் என்பதால், பதிந்த ஆளின் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். பதிந்த ஆள் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் முகம் காட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும், மிச்ச வாடகை முழுக்க ஒரே அடியாய்க் கட்ட வேண்டும், அதற்குப் பிணை வீட்டு உறுதி. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் இயக்குபவர் என்று போட்டு இரண்டு இடம் விட்டிருந்தார்கள். முதல் இடத்தில் உன் பெயரை எழுதினேன். மனேஜர் பேனையை இரண்டாவது இடத்தில் வைத்து, "மேடம், இதுலயும் ஒரு பேர் போடுங்க. ஒருத்தருக்கு காய்ச்சல் வருத்தம் வந்தா, எங்கயும் போனா, மற்றவர் பார்க்கலாம். எல்லாரும் ரெண்டு பேர் போடுறது" என்றார். இரண்டு தரம் சொன்னார். நான் பேனையை வாங்கி அந்த இடத்தில் குறுக்காகக் கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தேன்.

கோடு போடுகிறது என் பழக்கம், நீ சின்ன வயதில் இருந்தே பார்த்தது. பில்லிலோ ரசீதிலோ ஒரு விரல் வெறுமையாய் இருந்தாலும் கோடு இழுத்துவிடுவேன், பிறகு யாரும் ஒன்றும் நுழைக்கக் கூடாது என்று. என்னுடைய முதல் கடை வருஷத்தில் கயிற்று வியாபாரி ஒருவன் நான் வெறுமையாய் விட்ட இடத்தில் பதினைந்து கட்டை நூற்றைம்பது ஆக்கினான்; அன்றைக்குப் பிடித்த பழக்கம் அது. அதனால் அந்த நாளும் பழக்கத்தில்தான் கை போனது என்று எனக்கு நானே பதினேழு மாதம் சொல்லிக்கொண்டு இருந்தேன். கை பழக்கத்தில் போகவில்லை, மகன். கோடு இழுக்கும்போது நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ ஏணியில் நின்று ஏசிக் குழாய்க்குச் சுவரில் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாய். இந்தக் கோடு இருந்தால் நாலு வருஷம் இவன் இங்கே என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. உன்னிடம் வந்து, "கொம்பனி ஒரு ஆள்தான் எண்டு நிக்குது, நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தன்" என்றேன். நீ அவர்களை ஏசினாய். நானும் சேர்ந்து ஏசினேன்.

அதற்குப் பிறகு அந்த அறைதான் உன் வீடு. எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது அந்த ஒரு அறைக்குத்தான், அதுவும் மெசினுக்கு. துறைமுகக் காற்றில் நைலோன் இழை ஈரம் குடித்துவிடும் என்று அதைக் காயவைக்க ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் ஈரம் பார்க்கிற கருவி, நிறை பார்க்கிற கருவி. மாரிக்கு வடகம் காயவில்லை என்று நான் ஒரு நாள் தட்டோடு அந்தப் பெட்டிக்குள் வைத்தேனே, பத்து நிமிஷத்தில் கொழும்பில் கொம்பனித் திரையைப் பார்க்கிற அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். "ஆன்ட்டி, இழைப் பெட்டிக்குள்ள முந்நூறு கிராம் கூடியிருக்கு. புது மூலப்பொருளா?" "ஓம் பிள்ளை." "என்ன பேர் ஆன்ட்டி? பதியணும்." "வடகம்." அவள் எழுத்துக் கேட்டு எழுதினாள். நீ அறைக்குள் நின்று சிரித்த சிரிப்பு கடை வரைக்கும் கேட்டது. அதுதான் அந்த அறைக்குள் இருந்து நான் கேட்ட கடைசிச் சிரிப்பு என்று இப்போது நினைக்கிறேன். பிறகு கதவு கொஞ்சம் திறந்து கிடந்தாலும் அவள் போன் எடுப்பாள். நீ சாப்பிடப் போய்க் கொஞ்சம் பிந்தினாலும் எடுப்பாள். அவளில் பிழையில்லை, அவளுடைய திரை அவளுக்குச் சொல்கிறது, அவள் எங்களுக்குச் சொல்கிறாள். நீ சொன்னாய், "அம்மா, அந்த மெசினுக்குள்ள சூடு எவ்வளவு எண்டு அவளுக்குத் தெரியும், நான் எத்தினை தரம் வெளியில போனன் எண்டும் தெரியும்." நான் "நல்லதுதானே, கள்ளன் வரமாட்டான்" என்றேன்.

நீ கூட்டாளியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போய்த் தாலி கட்டி முடிந்த கையோடு சாப்பிடாமல் பஸ் ஏறினாய். திரியாய்க்குப் போனாலும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். இவற்றை எல்லாம் நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். நசீர் நானா ஒரு நாள் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மகன் எங்க அக்கா?" என்றார். "உள்ளுக்க நிக்கிறான்." "எப்ப வந்தாலும் உள்ளுக்கதான். நான் கேக்கிறன் எண்டு கோவிக்க வேணாம், நீங்க கடைக்கு மெசின் எடுத்தீங்களா, மெசினுக்குப் புள்ளை எடுத்தீங்களா?" நான், "உங்கட நாலு பொடியன்மாரும் கடலுக்குள்ளதானே நிக்கிறாங்கள், அவங்களை என்னத்துக்கு எடுத்தீங்க?" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவங்க கரைக்கு வாறாங்க அக்கா."  அவருக்குக் கொடுக்க வேண்டிய சில்லின் விலையில் இருநூறு ரூபாய் குறைத்தேன், அதுதான் என்னால் முடிந்த வெட்கம்.

உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்த நாட்களைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இது வரைக்கும் கதைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். காலையில் அந்தப் பிள்ளை போன் எடுத்து, "ஆன்ட்டி, இன்னும் ஐந்து மணித்தியாலம் இருக்கு" என்றாள். நான் அவளிடம் அழுது கேட்டிருக்கலாம். வாட்டில் இருக்கிறான், கடிதம் அனுப்புகிறேன், இரண்டு நாள் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் இரண்டாவது ஆள் இல்லை என்று பேச்சு வரும். ஐந்தாம் பக்கம் வெளியில் வரும். அதற்குப் பயந்து நான் நேர்ஸ்மாரிடம் பொய் சொல்லி, கையில் ஊசிக் குழாய் இருக்க உன்னைத் தாங்கிப் பிடித்து முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தேன். நீ கமராவுக்கு முன்னால் நின்றாய். முகம் வீங்கி, கண் சிவந்து, உதடு வெடித்து. அது உன்னைத் தெரியாது என்றது. திரும்ப நின்றாய், திரும்பவும் தெரியாது என்றது. மூன்றாம் தரம் நான் உன் தலையைப் பின்னால் இருந்து இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, "கண்ணை நல்லாத் திற மகன்" என்றேன். திறந்தது. மெசினும் திறந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல், "காணுமா அம்மா?" என்று கேட்டாய். காணும், இது போதும் என்று நான் சொன்னேன். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் வாட்டில் விட்டுவிட்டு, வந்து கடையைத் திறந்தேன்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று காரணம் சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. ஆனால் உனக்கு அரைவாசிதான் தெரியும் என்பதால் சொல்கிறேன். உன் அப்பா சவூதிக்கு இரண்டு வருஷம் என்று போனார், ஒன்பது வருஷம் நின்றார். காசு ஒழுங்காக வந்தது, குறை சொல்ல ஏலாது. அந்தக் காசில்தான் கடையின் முதல் ராக்கை. ஆனால் திரும்பி வந்த மனுசன் தன் வீட்டுக் குசினிக்குள் நின்று, "உப்பு எங்க வைக்கிறனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். என்னை நீங்கள் போட்டுக் கதைத்தார், வெளி ஆளிடம் கதைக்கிறது போல. பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருஷமும் அந்த நீங்கள் போகவில்லை. நீ போனால் நீயும் ஒரு நாள் அப்படி வந்து நிற்பாய் என்ற பயத்தில் நான் உன்னைப் போகவிடாமல் பிடித்தேன். பிடித்து என்ன கண்டேன்? நீ எங்கேயும் போகாமலேயே, பத்தடிக்குள் இருந்துகொண்டே, என்னோடு கதைப்பதை விட்டாய்.

சிங்கப்பூர்க் கடிதத்தை நீ ஒரு கிழமை மறைத்து வைத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாய். அங்கே பட்டறையில் இப்படிப்பட்ட மெசின் இருபது ஒன்றோடொன்று தொடர்பில் நிற்கின்றன, அவற்றைப் பார்க்கிற வேலை, கப்பல் நிற்கிற நேரத்துக்குள் சாமான் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போது உன் கை மேசையில் அந்த மெசின்களை அடுக்கிக் காட்டியது. நான், "ஒப்பந்தம் இருக்கே மகன்" என்றேன். "அந்த ஒப்பந்தத்தை ஒருக்காத் தாங்கோ அம்மா, நான் வாசிக்கோணும்." "அது சட்டத்தரணியிட்ட இருக்கு." அது அலுமாரியின் கீழ்த் தட்டில், உன் அப்பாவின் மரணச் சான்றிதழுக்குக் கீழே இருந்தது. நீ "சரி" என்றாய். அன்றைக்கு முடிந்தது நம்முடைய கதை. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன், அல்லது கண்டுபிடிக்க விருப்பமில்லாமல் விட்டுவிட்டாய். எது என்று நான் கேட்க மாட்டேன்.

பத்து நாள் பொறுத்து நான் மனேஜருக்குப் போன் எடுத்து நேரில் வரச் சொன்னேன். நீ கட்டைபறிச்சானுக்குப் போகிற நாளாகப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் வந்தவுடன் என்னோடு இருக்கவில்லை, நேரே அறைக்குள் போனார். மெசினின் ஆணிகளில் துருப் பிடித்த இடங்களைப் படம் எடுத்தார், பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஈரம் வாங்குகிறது என்று கேட்டார், கரண்ட் போய் வருகிறபோது சத்தம் எப்படி என்று கேட்டார். நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே பார்த்தேன். வாடகை வாங்க வருகிறவன் சாமான் எப்படி இருக்கிறது என்று பார்ப்பான், ஆனால் இவ்வளவு ஆசையோடு பார்க்க மாட்டான்.

இருந்து கதைத்தோம். ஐந்தாம் பக்கத்தை நானே திறந்து வைத்து, இரண்டாவது இடத்தில் வேறு ஒரு பெயர் போட வேண்டும் என்றேன். அவர் கோட்டில் விரலை வைத்து, "இது நீங்கதானே போட்டது மேடம்? அண்டைக்கு நான் ரெண்டு தரம் சொன்னது. கையெழுத்தும் இருக்கு. கோடு போட்ட இடத்தில இனி எழுத ஏலாது" என்றார். எனக்கு வயது போகிறது என்று சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டினார். மெசினைத் திருப்பி எடுங்கள் என்றேன், வீட்டு உறுதியை ஞாபகப்படுத்தினார். மரியாதையாகத்தான் ஞாபகப்படுத்தினார். அப்போது எனக்கு அந்த ஆணிப் படங்கள் நினைவு வந்தது. "சரி தம்பி," என்றேன். "வாடகை ஒழுங்காத் தாறன். மகன் காலமையில முகம் காட்டுவான், மெசின் திறக்கும். ஆனா நாளையில இருந்து ஒரு சாமானும் அடிக்கமாட்டம். ஓட்டோணும் எண்டு இந்தத் தாளில எந்தப் பக்கத்தில கிடக்கு?" அவர் தேடினார். நான் முந்தின நாளே தேடிவிட்டேன், இல்லை. பிளேன்டீ ஆறிப்போக, போனை எடுத்துக்கொண்டு வெளியில் போய் மரத்துக்குக் கீழே நின்று கதைத்தார். வீதியில் திரிகிற மான் ஒன்று அவருடைய காருக்குப் பக்கத்தில் கிடந்த கார்ட்போட் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது, அதைக்கூட அவர் காணவில்லை. அவ்வளவு நீளக் கதை.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னார். இந்தத் தீவில் அவர்களுடைய மெசின்களில் உப்புக் காற்றுக்குள் ஓடுவது இது ஒன்றுதானாம். மற்றவை எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள். இங்கே இருந்து போகிற ஈரக் கணக்கையும் துருக் கணக்கையும் வைத்துத்தான் மற்றத் துறைமுகங்களுக்கு விற்கிற அடுத்த மெசினைச் செய்கிறார்களாம். நாங்கள் சில்லு விற்றுக்கொண்டிருக்க, அவர்கள் எங்கள் காற்றை எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை நான் முதல் நாளே பிடித்திருந்தால் வாடகையே இல்லாமல் எடுத்திருப்பேன். அன்றைக்கு என் கண் ஏணியில் நின்ற உன் மேலே இருந்தது, தாளில் இல்லை.

அங்கே போனதும் உன்னிடமும் ஒரு தாள் நீட்டுவார்கள், மகன். எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தவன் நீ. எழுதாமல் விட்ட இடத்தைப் பார்த்துக் கேள், இந்த இடம் யாருக்கு என்று. மெசின் என்னென்ன அனுப்புகிறது, யாருக்கு அனுப்புகிறது, அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்றும் கேள். கேட்கிறவனை ஒருவரும் வேலையை விட்டு நிற்பாட்ட மாட்டார்கள், நிற்பாட்டினால் அது நிற்கக் கூடாத இடம். வருத்தம் வந்தால் படு. எனக்குப் போன் எடுக்க வேண்டும் என்று கட்டாயத்துக்கு எடுக்காதே. எடுக்கும்போது மட்டும், நீங்கள் போடுகிறது சரி, பிள்ளைகள் போடுகிற நீங்கள்தான் அது, ஆனால் வெளி ஆளிடம் கதைக்கிற குரலில் கதைக்காதே. உப்பு, அடுப்புக்கு இடப்பக்கம் மேல் தட்டில். அது அங்கேயேதான் இருக்கும்.

முடிந்த பேச்சு இதுதான். கோடு போட்ட இடத்தில் புதுப் பெயர் எழுத ஏலாது, ஆனால் கொம்பனி சம்மதித்தால் ஒப்பந்தம் எழுதினவரே இயக்குபவராய் வரலாம் என்று பின்பக்கத்தில் ஒரு பந்தி இருக்கிறது. அதன்படி முதல் இடத்தில் உன் பெயரை வெட்டி என் பெயர். உன் முகம் அவர்களிடம் எங்கேயும் இல்லை என்று எழுத்தில் வாங்கினேன். அழித்ததை அந்தப் பிள்ளை கொழும்பில் இருந்து போன் திரையில் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தேன். என் முகத்தை எடுக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், நாலு தரம் எடுத்தார்கள். உன்னை விட்டதற்கு விலையாய், நீ கீறின நூற்று எண்பத்தாறு வரைபடத்தையும் இன்றையில் இருந்து அவர்கள் எந்தக் கடைக்கும் விற்கலாம், எங்கள் வீதியில் இருக்கிற மற்ற இரண்டு கடைக்கும்கூட. எங்களுக்கு அதில் பங்கில்லை. இதையும் உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவர் என்று உன் பெயர் நிற்க வேண்டும் என்றேன், அதற்குச் சம்மதித்தார்கள். மெசின் தினமும் ஓட வேண்டும், ஓட்டம் நிற்கக் கூடாது. மிச்சம் இருக்கிறது இரண்டு வருஷமும் ஏழு மாதமும். அது முடிய வீட்டு உறுதி கைக்கு வரும். அது வரைக்கும் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நான் இந்தக் கடையை விட்டு எங்கேயும் போக ஏலாது, உன் கலியாணம் சிங்கப்பூரில் என்றாலும். மாத வாடகை பழையதுதான். குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.